"இவங்க யார் பக்கம்?" - புது தெரபிஸ்ட் முன்னால் உட்காரும்போது எழும் முதல் கேள்வி!

கோவை கணபதியில் ஒரு மோட்டார் எரிந்துபோனால், போர்டைப் பார்த்து யாரும் வைண்டிங் கடைக்குப் போவதில்லை. "போன தடவ யார்கிட்டக் குடுத்தீங்க? எத்தன மாசம் ஓடுச்சு?" என்று பக்கத்து லேத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பவுண்டரி, பட்டறை, பம்ப் உதிரிபாகம் என்று சத்தி ரோட்டை ஒட்டித் தொழிலோடு தொழிலாக வளர்ந்த ஏரியா இது. ஒருவர் வேலை எப்படி என்பது இன்னொருவருக்குத் தெரியும். நம்பிக்கை இங்கே அப்படித்தான் கைமாறுகிறது.

மனநல ஆலோசனைக்கு மட்டும் இந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. யாரிடம் விசாரிப்பது? வாயைத் திறந்தாலே "யாருக்குங்க, என்னாச்சு?" என்று கேள்வி திரும்பி வரும். நல்ல தெரபிஸ்ட்டிடம் போய்த் தேறி வந்தவர் அதை வெளியில் சொல்வதில்லை. அவர் சொல்லாததால் அடுத்தவருக்கு வழி தெரிவதில்லை. கடைசியில் கூகுள் ஸ்டாரையும் இன்ஸ்டா ரீலையும் நம்பி, முன்பின் தெரியாத ஒருவரிடம் கட்டிய கணவரிடமும் பெற்ற தாயிடமும் சொல்லாததைச் சொல்லப் போகிறோம்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கொங்குப் பக்கத்தில் முதல் முறை தெரபிஸ்ட்டிடம் தனியாகப் போகிறவர்கள் குறைவு. அம்மா கூட்டிக்கொண்டு போவார், அல்லது கணவர், அல்லது விவரம் தெரிந்த மாமா. ஃபீஸ் கட்டுவது அவர்கள்தான். நாம் உள்ளே போவதற்கு முன்பே, "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க மேடம், நீங்க சொன்னா கேட்டுக்குவா" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதும் அவர்கள்தான். வந்த வரனை வேண்டாம் என்ற பெண், இன்ஜினீயரிங்கைப் பாதியில் விட்ட பையன், 'எதுக்கெடுத்தாலும் கோபப்படுற' மருமகள்... இவர்கள் அந்த அறைக்குள் நுழையும்போது மனதில் ஓடுவது 'இவருக்கு என்ன டிகிரி' என்பதல்ல. 'இவங்க யார் பக்கம்?' என்பதுதான்.

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கிடைக்கும்வரை மனதைத் திறக்காமல் இருப்பதும் நியாயமானது.

நீதிபதி கேட்ட அப்பாயின்ட்மென்ட்

இந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை நம் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு. இருவரும் கிளம்பிச் சென்னை வந்துவிட்டார்கள். பெற்றோர்கள் 'காணவில்லை' என்று போலீஸில் புகார் கொடுக்க, பெண்கள் பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021-ல் அந்த வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது.

அவர் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதவில்லை. பெண்களையும் பெற்றோர்களையும் உளவியல் ஆலோசகர் வித்யா தினகரனிடம் அனுப்பினார். பால்புதுமையினரோடு பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. அடுத்து நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. இந்த விஷயத்தில் தனக்கே இன்னும் புரிதல் வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதிவிட்டு, அதே ஆலோசகரிடம் தானும் ஓர் அமர்வுக்கு நேரம் கேட்டார் நீதிபதி. ஒரு உயர் நீதிமன்ற நீதிபதி சைக்காலஜிஸ்ட் முன்னால் போய் உட்காரலாம் என்றால், நமக்கென்ன கூச்சம் என்று தோன்றுகிறது இல்லையா?

அந்த அமர்வுகளால் எல்லாம் சுபமாகிவிடவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பெற்றோர்களின் பயம் அப்படியேதான் இருந்தது. அதுவும் நீதிமன்ற உத்தரவில் பதிவாகியிருக்கிறது. ஆலோசகர் பெண்களை 'வழிக்குக் கொண்டு வர' முயலவில்லை, பெற்றோரை மிரட்டிப் பணியவைக்கவும் இல்லை. 2021 ஜூன் 7-ம் தேதி வந்த தீர்ப்பு, ஒருவரின் பாலின ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று செய்யப்படும் சிகிச்சைக்குத் தடை போட்டது. அப்படிச் செய்பவரின் உரிமத்தைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

அதாவது, பெற்றவர்களே கூட்டிக்கொண்டு வந்து, பணமும் கட்டி, 'இவளை மாத்திக் குடுங்க' என்று கேட்டாலும், செய்யக் கூடாத காரியம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டாதவர்தான் நம்பத் தகுந்த தெரபிஸ்ட்.

சரி, முதல் சந்திப்பிலேயே இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நேராகக் கேட்டுவிடலாம். "எங்க வீட்டுல போன் பண்ணிக் கேட்டாங்கன்னா, நீங்க என்ன சொல்லுவீங்க மேடம்?" அவ்வளவுதான். நல்ல தெரபிஸ்ட் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். எதை வெளியில் சொல்ல மாட்டார், எந்தச் சூழலில் சொல்லியாக வேண்டும், சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்வாரா என்று பிரித்துச் சொல்வார். "அதெல்லாம் எதுக்கு இப்போ, என்னை நம்புங்க" என்று மழுப்பினால் யோசியுங்கள். 'என்னை நம்புங்க' என்பது பதில் இல்லை.

ஒரு வெள்ளைத்தாள் போதும்

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் (2017) பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் 23-ம் பிரிவு, உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருப்பது உங்கள் உரிமை என்கிறது. சிகிச்சை தருபவருக்கு அது கடமை. 24-ம் பிரிவின்படி உங்கள் சம்மதம் இல்லாமல் போட்டோவோ தகவலோ ஊடகத்துக்குப் போகக் கூடாது.

விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கு ஆபத்து என்றாலோ, உங்களால் இன்னொருவருக்கு ஆபத்து என்றாலோ, நீதிமன்றம் கேட்டாலோ, தேவையான அளவுக்கு மட்டும் சொல்லலாம். உங்களுக்குச் சிகிச்சை தரும் வேறு மருத்துவர்களிடமும் பகிரலாம். தவிர, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள்மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால், போக்சோ சட்டப்படி யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும். தெரபிஸ்ட்டும் அதில் அடக்கம். இந்த எல்லைகளை முதல் நாளே சொல்லிவிடுகிறவர், ஆறாவது வாரத்தில் உங்களைத் திடுக்கிட வைக்க மாட்டார்.

விதிவிலக்குகளில் ஒன்று மட்டும் குடும்பப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 'நியமனப் பிரதிநிதி' என்று ஒருவரை இந்தச் சட்டம் ஏற்படுத்துகிறது. சிகிச்சை தொடர்பாக உங்களுக்காகப் பேச வேண்டி வந்தால் பேசுகிறவர் அவர். அந்தக் கடமையைச் செய்யத் தேவையான தகவலை அவரிடம் சொல்லலாம். நீங்கள் யாரையும் நியமிக்காவிட்டால் அந்த இடம் உறவினருக்குப் போகும். அது கணவராக இருக்கலாம், மாமியாராகக்கூட இருக்கலாம். பிரச்னையே வீட்டுக்குள்தான் என்றால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்!

ஆனால், 18 வயது நிரம்பிய யாரும் தனக்கு வேண்டியவரை நியமித்துக்கொள்ளலாம். கல்லூரித் தோழியாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம். அவர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும் என்கிறது 14-ம் பிரிவு. பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். பிள்ளைகளுக்கு மட்டும் வழக்கமாகப் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் அந்த இடத்தில் இருப்பார்கள். அதனால் பிளஸ் டூ படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போகும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளே என்ன பேசினாள் என்று பஸ்ஸில் வரும்போதே துருவாதீர்கள். ஒருமுறை துருவினால், அடுத்த வாரம் அவள் உள்ளே பேசுவது உங்கள் காதுக்காகத்தான் இருக்கும்.

போர்டில் இருக்கும் 'டாக்டர்' எந்த டாக்டர்?

ரகசியம் காப்பது ஒரு பக்கம். அந்த நாற்காலியில் உட்காரத் தகுதி இருக்கிறதா என்பது இன்னொரு பக்கம். இங்கேதான் குழப்பம் அதிகம்.

சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ் முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி-யோ டி.பி.எம்-மோ படித்த மருத்துவர். மருந்து எழுதுவார். மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழியாகவும் பரிசோதனைகள் வழியாகவும் சிகிச்சை தருவார். எம்.ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி போன்ற, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை கவுன்சிலின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் 1992-ம் வருடச் சட்டப்படி ஓராண்டுவரை சிறை, அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆம், ஆயிரம்தான். ஹெல்மெட் போடாமல் பிடிபட்டாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும்!)

'கவுன்சலர்' என்ற சொல்லில்தான் பெரிய ஓட்டை. எம்.எஸ்.டபிள்யூ முடித்து ஆஸ்பத்திரியில் பத்து வருடம் வேலை பார்த்தவரும் கவுன்சலர்தான், இரண்டு நாள் ஆன்லைன் கோர்ஸ் சர்ட்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியவரும் கவுன்சலர்தான். 2021-ல் வந்த துணை மற்றும் சுகாதார வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் கவுன்சலர்களையும் தன் பட்டியலுக்குள் கொண்டு வந்திருப்பது நல்ல தொடக்கம். பெயருக்கு முன்னால் இருக்கும் 'டாக்டர்' மருத்துவப் பட்டமா, பிஹெச்.டி-யா, மேடையில் சால்வையோடு வாங்கிய கௌரவப் பட்டமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

டிகிரி மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. கோவாவில் 'சங்கத்' என்ற அமைப்பு, உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கவுன்சலிங் செய்ய வைத்தது. ஆறு முதல் எட்டு அமர்வுகள்தான். பலன் இருந்தது. அந்த ஆய்வு முடிவு 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஆனால், அவர்களைப் பயிற்சி முடிந்ததும் அப்படியே அனுப்பிவிடவில்லை. பேசியதை வாராவாரம் கூடி அலசி, எங்கே சரியில்லை என்று பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள்.

நம் பட்டறைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். லேத்தில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், பீஸ் வெளியே போகும் முன் கேஜ் வைத்து அளக்க ஒருவர் உண்டு. "உங்க கேஸ்களைப் பார்த்துச் சொல்ல சூப்பர்வைசர் யாராவது இருக்காங்களா?" என்று தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். இளம் தெரபிஸ்ட் 'ஆமாம்' என்று சொன்னால் அது பலவீனம் இல்லை, பலம். 'எனக்கு எதுக்கு?' என்று சிரிக்கும் சீனியரைவிட அவர் மேல்.

பார்த்துப் பழகும் காலம்

முதல் செஷனிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று யார் சொன்னது? உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்டு 1913-ல் எழுதிய கட்டுரையில், புதிதாக வருபவரை முதல் ஓரிரு வாரங்களுக்குத் தற்காலிகமாகத்தான் எடுத்துக்கொள்வது தன் வழக்கம் என்கிறார். அவருக்கே வெள்ளோட்டம் தேவைப்பட்டது என்றால், நமக்கும் தேவைதானே!

அதே கட்டுரையில் அவர் நேரத்தைப் பற்றியும் கறாராக எழுதியிருக்கிறார். நோயாளிக்கு என்று ஒரு மணி நேரத்தை ஒதுக்கினால் அது அவருக்கே உரியது. வராவிட்டாலும் கட்டணம் உண்டு. அந்தக் கறாரை இன்று அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால், நேரம், கட்டணம், ரத்து செய்வதற்கான விதி ஆகியவற்றை முதலிலேயே வெளிப்படையாகப் பேசிக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பது நூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஏனென்றால், மனம் உடைந்து வருகிறவருக்குத் தெரபிஸ்ட்டின் கெட்டிக்காரத்தனத்தைவிட, சொன்ன சொல் மாறாமை பெரிது. புதன்கிழமை ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு ஆள் இருக்கிறாரா? வர முடியாது என்றால் நாம் பஸ் ஏறுவதற்கு முன் தகவல் வருகிறதா? பேசும்போது போனைப் பார்க்கிறாரா? போன வாரம் சொன்ன தங்கச்சி பெயர் நினைவிருக்கிறதா? ஐந்து செஷன் 'பேக்கேஜ்' பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறாரா? கணபதியிலிருந்து ஒரு பெண் வேலைக்குப் பர்மிஷன் போட்டு, வீட்டில் 'தைக்கக் குடுத்த பிளவுஸ் வாங்கப் போறேன்' என்று சொல்லிவிட்டுக் காந்திபுரம் தாண்டிப் போய்க் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்தால், அவள் இழப்பது ஒரு மாலையை மட்டுமில்லை. இன்னொரு முறை கிளம்புவதற்கான தெம்பையும்தான்.

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-ல் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். எதற்காக வருகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு வேண்டும். அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதிலும் உடன்பாடு வேண்டும். இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பு வேண்டும். நாம் மூன்றாவதை மட்டும் பார்க்கிறோம். 'நல்லா பேசுறாங்க, அம்மா மாதிரி இருக்காங்க' என்று மகிழ்ந்துபோகிறோம். இரண்டு மாதம் கழித்து, எதற்குப் போகிறோம் என்றே தெரியாமல் போய்க்கொண்டிருப்போம். 'எனக்குத் தூக்கம் வரணும்', 'மாமியார் முன்னாடி எனக்கு வார்த்தை வரணும்' என்று ஒரு வரியில் உங்கள் தேவையைச் சொல்லுங்கள். நான்காவது செஷன் முடிவில் அதைப் பற்றி அவரே பேச்செடுக்கிறாரா பாருங்கள்.

பிடிக்கலைன்னா?

நின்றுவிடுகிறவர்கள் நிறைய. 2012-ல் ஸ்விஃப்ட், கிரீன்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 669 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதியிலேயே நின்றுவிடுகிறார் என்று தெரிந்தது. அவை பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வுகள். நம்மூரில் பெரும்பாலும் 'ஊருக்குப் போயிருந்தேங்க' என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜோடு முடிந்துவிடும். பெரியவர்களை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத ஊர் நம்முடையது. மரியாதை 'ங்க' போட்டே மனஸ்தாபத்தை விழுங்கிவிடுவோம்.

தெரபியில் அந்த மனஸ்தாபத்தை எடுத்து வெளியே வைப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி. "போன வாரம் நீங்க சொன்னது எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். 'எந்த வார்த்தை? எப்படி இருந்தது?' என்று அவர் உட்கார்ந்து கேட்டால், அந்த உறவு முன்பைவிட இறுகும். 'நீங்க ரொம்ப சென்சிட்டிவ்' என்று பந்தை உங்கள் பக்கமே திருப்பிவிட்டால், வேறு ஆள் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சில விஷயங்களுக்கு இரண்டாவது வாய்ப்பே தேவையில்லை. உங்கள் சொந்தக்காரரின் கதையை உங்களிடம் சொல்கிறவர், நாளை உங்கள் கதையை அவரிடம் சொல்வார். ஜாதி விசாரிக்கிறவர், 'பொம்பளைதான் அனுசரிச்சுப் போகணும்' என்று தீர்ப்பு சொல்கிறவர், செஷனுக்கு வெளியே சந்திக்கக் கூப்பிடுகிறவர், நீங்கள் வேண்டாம் என்றும் தொடுகிறவர்... இவர்களிடம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. எழுந்து வந்துவிடலாம். வரும்போது உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் உரிமையை அதே மனநலச் சட்டத்தின் 25-ம் பிரிவு தருகிறது. அடுத்த தெரபிஸ்ட்டிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டிய வேதனை கொஞ்சம் குறையும்.

தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று ஆன்லைன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஃபின்லாந்தில் 'வஸ்தாமோ' என்ற தெரபி நிறுவனத்தின் கணினியை ஹேக் செய்து, சுமார் 33,000 பேரின் தகவல்களைத் திருடினார்கள். 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே மெயில் அனுப்பி, பணம் தராவிட்டால் அவர்கள் தெரபியில் பேசியதை வெளியிடுவோம் என்று மிரட்டினார்கள். ஆப்பில் பதிவு செய்யும் முன், செஷன் ரெக்கார்ட் ஆகிறதா, குறிப்புகள் எங்கே இருக்கும், கணக்கை மூடினால் அழிப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். முழுப்பெயரும் ஆபீஸ் மெயில் ஐடியும் எதற்கு?

பணம் பிரச்னை என்றால், திருச்சி ரோட்டில் இருக்கும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பயிற்சி மருத்துவமனை எதிலும் ஒவ்வொரு முறையும் அதே டாக்டர் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பார்த்த டாக்டரின் பெயரையும் அவருக்கு ஓ.பி எந்தக் கிழமை என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேரில் போகத் தயக்கம் என்றால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் தெரபிஸ்ட் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இந்த எண்ணையோ சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 எண்ணையோ உடனே அழையுங்கள்.